மைக்கோபீனோலிக் அமிலம்: ஒரு பூஞ்சணப் பீனோலும் அதன் வாலும்

மரமுந்திரிகைக் கொட்டையைக் கோதோடு சுட்டு உடைக்க உட்காருபவர்கள் முதலில் கையில் சாம்பலையோ தேங்காய் எண்ணெயையோ பூசிக்கொள்வார்கள். கோதிலிருந்து கசியும் கறுத்த எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும், பிறகு நாள்கணக்கில் உரியும். அந்த எண்ணெயில் இருப்பவை அற்கைல்பீனோல்கள். பென்சீன் வளையம் ஒன்று, அதில் ஐதரொட்சில் கூட்டம், பக்கத்தில் பதினைந்து காபன் நீளமான கொழுப்பு வால். வளையத் தலைக்கு நீரோடு ஓரளவு ஒட்டு உண்டு. வாலுக்கோ எண்ணெயோடுதான் உறவு. வால் தோலின் கொழுப்பைத் துளைத்து வழி பிடிக்க, தலை உள்ளே போய் வேலையைக் காட்டுகிறது.

இதே தலையையும் வாலையும் பூஞ்சணங்களும் கட்டிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று சின்னக் கண்ணாடிக் குப்பியில், 5 மில்லிகிராம், 50 மில்லிகிராம் என்ற அளவில், ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற குறிப்போடு விற்பனைக்கு வருகிறது: மைக்கோபீனோலிக் அமிலம். பெயரிலேயே பூஞ்சணமும் உண்டு, பீனோலும் உண்டு. கறாராகப் பார்க்கிறவர்கள் இதை வெறும் அற்கைல்பீனோல் என்று சொல்ல மாட்டார்கள். வாலில் ஓர் இரட்டைப் பிணைப்பும் நுனியில் ஒரு காபொட்சிலிக் அமிலக் கூட்டமும் இருக்கின்றன, வளையத்தோடு ஒரு லக்டோனும், அதாவது வளையமாக மூடிய எசுத்தரும், ஒட்டியிருக்கிறது. ஆனால் குப்பியைக் கையாளும்போது வருகிற சிக்கல்கள் பெரும்பாலும் அந்தத் தலை, அந்த வால் இரண்டிலிருந்தும்தான் வருகின்றன. அதனால் அந்தப் பார்வையிலேயே போவோம்.

இதன் பிறப்பிடம் சோளன். 1893இல் இத்தாலியில் பார்த்தலோமியோ கோசியோ என்ற மருத்துவர் பூஞ்சணம் பிடித்த சோளனை ஆராய்ந்துகொண்டிருந்தார். சோளனையே முக்கிய உணவாகத் தின்ற ஏழை விவசாயிகளுக்குப் பெலாகிரா என்ற நோய் வந்தது: தோல் கறுத்து வெடித்தது, வயிற்றுப்போக்கு வந்தது, கடைசியில் புத்தி பேதலித்தது. கெட்டுப்போன சோளனில் உள்ள நஞ்சுதான் காரணம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். கோசியோ பெனிசிலியம் பூஞ்சணத்தின் வளர்ப்புத் திரவத்திலிருந்து ஒரு பளிங்கைப் பிரித்தெடுத்தார். அது அந்திராக்ஸ் பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுத்தது. பெனிசிலினை பிளெமிங் கண்டது 1928இல். அதற்கு 35 ஆண்டுகள் முன்பே ஒரு பூஞ்சண நுண்ணுயிர்க்கொல்லி பளிங்காகவே கையில் இருந்திருக்கிறது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1913இல் அமெரிக்காவில் அல்ஸ்பெர்க், பிளாக் என்ற இருவர் அதைத் திரும்பப் பிரித்து இன்றைய பெயரை வைத்தார்கள். முழு அமைப்பு தெரியவர 1952 வரை போனது.

பெலாகிராவுக்குப் பூஞ்சணம் காரணமே இல்லை என்பது பிறகு தெளிவாயிற்று. நிக்கொற்றினிக் அமிலம் என்ற உயிர்ச்சத்தின் குறைபாடுதான் அந்த நோய். வேடிக்கை என்னவென்றால், உடல் அந்த உயிர்ச்சத்திலிருந்து செய்கிற என்ஏடி என்ற துணைநொதியத்துக்குரிய இடத்தில்தான் மைக்கோபீனோலிக் அமிலம் போய் உட்காருகிறது. நோய்க்கும் சேர்வைக்கும் சம்பந்தமில்லை. இரண்டின் இரசாயனமும் மட்டும் ஒரே மூலையில் சந்தித்துக்கொண்டன.

அம்பாறையில் பெரும்போகச் சோளன் அறுத்து மூட்டை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரப்பதன் 13, 14 சதவீதத்துக்கு மேல் நிற்கும்போது கட்டிய மூட்டையில் பச்சையாகவோ நீலமாகவோ பூஞ்சணம் ஏறும். அங்கே அஞ்ச வேண்டியது இந்த அமிலத்துக்கு அல்ல. அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணம் தருகிற அப்லாடொக்சினும் பியூசேரியம் தருகிற பியூமோனிசினும்தான் சோளனில் பெரிய ஆபத்துகள். நிறத்தைப் பார்த்து எந்த நஞ்சு என்று சொல்லவே முடியாது.

பூஞ்சணம் இதைச் செய்யும் விதம்

இன்று தொழில்முறையில் இதை அதிகம் தருவது பெனிசிலியம் பிரெவிகொம்பக்ரம். நீலப் பாலாடைக்கட்டியில் வளர்கிற பெனிசிலியம் ரொக்போர்ட்டியும் செய்யும். முதலில் அசற்றேற்றுத் துண்டுகளைக் கோத்துப் பீனோல் வளையத்தைக் கட்டுகிறது. அதன் மேல் 15 காபன் கொண்ட பார்னெசில் வாலை ஒட்டுகிறது. இதுவரை பார்த்தால் மரமுந்திரிகைக் கோதின் வாலிலும் இதிலும் காபன் எண்ணிக்கை ஒன்றே. அதன் பிறகுதான் பூஞ்சணம் தன் கைவரிசையைக் காட்டுகிறது. ஒரு நொதியம் வாலை நடுவில் வெட்டுகிறது. மிச்சத்தைக் கொழுப்பமிலத்தைக் கரைக்கிற அதே முறையில், பெரொக்சிசோம் என்ற கலத்தின் சிற்றறைக்குள், இன்னும் கத்தரித்து ஏழு காபனில் நிறுத்துகிறது. வெட்டிய நுனியில் அமிலக் கூட்டம் நிற்கிறது. வளையத்தில் இருந்த இரண்டு ஐதரொட்சில் கூட்டங்களில் ஒன்றுக்கு மெதைல் மூடி போட்டுவிடுகிறது. மற்றது திறந்தபடி மிஞ்சுகிறது. கடைசியில் கிடைப்பது 17 காபன், 20 ஐதரசன், 6 ஒட்சிசன். மூலக்கூற்றுத் திணிவு 320.3.

தனக்கே நஞ்சான ஒன்றைச் செய்துகொண்டு அது எப்படித் தப்புகிறது? அந்த நஞ்சு தாக்கும் நொதியத்தின் இன்னொரு பிரதியைத் தனியாக வைத்திருக்கிறது. அந்தப் பிரதி அசைந்துகொடுக்காது. நஞ்சு செய்யும் மரபணுக்களின் வரிசைக்குள்ளேயே அந்தப் பிரதியின் மரபணுவும் இருப்பதை 2011இல் காட்டினார்கள்.

தாக்கப்படும் நொதியம் ஐஎம்பிடிஎச். கலங்கள் டிஎன்ஏ எழுதக் குவனின் வகை எழுத்துகள் வேண்டும், அதை அடியிலிருந்து செய்யும் பாதையின் இடுக்கான வாசல் இந்த நொதியம். மைக்கோபீனோலிக் அமிலம் வேலை நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே புகுந்து, பாதி முடிந்த விளைபொருளோடு நொதியத்தைப் பூட்டிவிடுகிறது. மற்றக் கலங்கள் உடைந்த டிஎன்ஏயிலிருந்து வரும் குவனினைப் பொறுக்கிச் சமாளிக்கும். ரீ, பீ வெண்குழியங்கள் பெருகும்போது அந்தப் பொறுக்கல் போதாது. அதனால் அவைதான் முதலில் நின்றுபோகின்றன. மனிதரில் இந்த நொதியம் இரண்டு வகை. பெருகும் வெண்குழியங்களில் மிகுந்திருக்கும் இரண்டாம் வகை, முதலாவதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு எளிதில் அடங்கும். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும் லூபஸ் நோயாளர்களுக்கும் கொடுக்கும் மைக்கோபீனோலேற்று மொபெற்றில் மாத்திரையின் அடிப்படை இதுதான். அமெரிக்காவில் அது 1995இல் அனுமதி பெற்றது.

குப்பி வந்து சேர்ந்தபின்

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது சிஏஎஸ் எண், அதாவது ஒவ்வொரு சேர்வைக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண். அமிலத்துக்கு 24280-93-1. மாத்திரையில் இருக்கும் மொபெற்றில் எசுத்தருக்கு 128794-94-5. விலைப்பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும், அவசரத்தில் மாறிப்போகும். மொபெற்றிலின் திணிவு 433.5, அதில் 1 கிராமுக்குள் அமிலம் 739 மில்லிகிராம்தான். மாறிப்போனால் நிறுத்த எடையில் கால்பங்குக்கு மேல் காணாமல் போகும். அதுவும் போக, எசுத்தரை உடைக்கிற நொதியம் உங்கள் பரிசோதனைக் குழாயில் இல்லாவிட்டால் எசுத்தர் சும்மா மிதந்துகொண்டிருக்கும். மனிதக் கல்லீரல் உடைக்கும் என்பதற்காகச் சுத்திகரித்த நொதியக் கரைசலும் உடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

திண்ம வடிவில் இது பொறுமையான சாமான். வெள்ளைப் பளிங்கு, 141 பாகையில் உருகும். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸிலோ கூரியர் வானிலோ ஐஸ் இல்லாமல் மட்டக்களப்புக்கு வந்தாலும் கெடாது. கெடுவது பெரும்பாலும் வந்து சேர்ந்த பிறகு, மூடியைத் திறக்கும் அந்த நிமிடத்தில்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் காற்றின் பனிபடுநிலை, அதாவது ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 பாகைக்குப் பக்கத்தில் நிற்கும். பிரீசரிலிருந்து எடுத்த குப்பியை மேசையில் வைத்தால் அரை நிமிடத்தில் வெளிப்புறம் வேர்க்கும். அப்போதே மூடியைத் திறந்தால் அதே வேர்வை உள்ளேயும் தூளின் மேல் இறங்கும். பிறகு நிறுக்கும்போது தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறீர்கள். குப்பியை மூடியபடியே சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்திக்குள் வைத்து, குறைந்தது அரை மணித்தியாலம், மாரிகாலமென்றால் ஒரு மணித்தியாலம் விட்டு, கையால் தொட்டுக் குளிர் இல்லை என்று உறுதியான பிறகே திறக்க வேண்டும். குளிரூட்டிய அறையில் திறந்தாலும் இந்தக் காத்திருப்பு வேண்டும்.

5 மில்லிகிராம் குப்பி என்றால் நிறுக்கவே வேண்டாம். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் 5 மில்லிகிராம் நிறுத்தால் தராசின் கடைசி இலக்கமே 2 சதவீதம். அதோடு தூள் நிலைமின்னால் கரண்டியில் ஒட்டும். மின்விசிறி சுற்றினால் பறக்கும். குப்பியை மேசையில் மெல்லத் தட்டித் தூளை அடியில் இறக்கி, கரைப்பானை அதே குப்பிக்குள் விடுவதே நல்லது. 5 மில்லிகிராமுக்கு டிஎம்எஸ்ஓ (டைமெதைல் சல்பொட்சைட்டு என்ற கரைப்பான்) 1.56 மில்லிலீற்றர் விட்டால் 10 மில்லிமோலர் இருப்புக் கரைசல் கிடைக்கும். மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியதும் கரையும்படி குப்பியைக் கவிழ்த்துச் சுழற்றிவிட வேண்டும். அங்கே ஒட்டியிருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏன் டிஎம்எஸ்ஓ, ஏன் எதனோல் இல்லை? இரண்டிலும் கரையும். ஆனால் எங்கள் அறை வெப்பத்தில் எதனோல் குழாய் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் ஆவியாகும். இரண்டு மாதத்தில் 10 மில்லிமோலர் என்று எழுதிய குழாயில் 12 இருக்கும். டிஎம்எஸ்ஓ அதற்கு நேர்மாறு. ஆவியாகாது, காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். ஒருமுறை கரைத்த கையோடு 50 மைக்குரோலீற்றர் வீதம் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. பெரிய டிஎம்எஸ்ஓ போத்தலிலிருந்து நேரடியாக எடுப்பதும் கூடாது. அது வருஷக்கணக்காக மட்டக்களப்புக் காற்றைக் குடித்த போத்தலாக இருக்கலாம்.

டிஎம்எஸ்ஓ 18.5 பாகையில் உறையும். உருகும்போது ஓரமாக உருகும், கரைந்த பொருள் அடியில் செறிந்து நிற்கும். நன்றாகச் சுழற்றாமல் மேலிருந்து எடுத்தால் முதல் பரிசோதனை வலுக்குறைந்தும் கடைசிப் பரிசோதனை வலுக்கூடியும் வரும். மழைக்காலத்து மின்வெட்டில் பிரீசர் எத்தனை மணிநேரம் நின்றது என்று யாருக்கும் தெரியாமல் போவதுண்டு. அதற்கு ஒரு மலிவான உபாயம்: ஒரு குழாயில் பாதி தண்ணீர் விட்டு நிமிர்த்தி உறையவைத்து, பிறகு தலைகீழாகக் கவிழ்த்துப் பிரீசரில் விட்டுவிடுங்கள். ஐஸ் மேலேயே தொங்கினால் உள்ளே உருகவில்லை. மூடிப்பக்கம் விழுந்திருந்தால் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

டிஎம்எஸ்ஓ வேண்டாத பரிசோதனைகளுக்கு 0.1 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டில் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் கரைப்பது பழைய வழக்கம். அமிலக் கூட்டமும் பீனோலும் இரண்டும் புரோத்தனை இழந்து உப்பாகிக் கரையும். ஆனால் காரத்தில் பீனோல் காற்றோடு எளிதில் ஒட்சியேறும், லக்டோன் வளையமும் திறந்துகொள்ளலாம். ஆகவே கார இருப்பை மேசையில் விட்டு வைக்கக் கூடாது. மஞ்சள் ஏறினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். “லேசான மஞ்சள்தானே” என்று பாவித்துவிட்டு அளவுக்கும் விளைவுக்கும் வரைந்த வளைகோடு ஏன் கோணலாக வந்தது என்று தலையைப் பிய்ப்பதில் பயனில்லை.

எங்கே பிழைக்கிறது

வாலின் குணம் வெளிப்படுகிற இடம் ஐதாக்கும்போது. செறிந்த டிஎம்எஸ்ஓ கரைசலைக் குளிர்ந்த ஊடகத்தில் ஒரே இடத்தில் விட்டால் அந்தத் துளியைச் சுற்றி வெண்புகைபோல் படியும். கண்ணுக்குத் தெரியாமலும் படியலாம். அடியில் படிந்தது கலங்களின் மேல் குவிந்து அந்த இடத்தில் மட்டும் கொல்லும். ஊடகத்தை 37 பாகைக்குச் சூடாக்கி, சுழற்றிக்கொண்டே துளித்துளியாக விட வேண்டும். 10 மில்லிமோலரிலிருந்து ஆயிரத்தில் ஒன்று விட்டால் 10 மைக்குரோமோலர், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். 1 மைக்குரோமோலர் வேண்டுமென்றால் இருப்பில் பத்திலொரு பங்கு எடுப்பதல்ல வழி. முதலில் டிஎம்எஸ்ஓவிலேயே 1 மில்லிமோலராக ஐதாக்கி, அதிலிருந்து ஆயிரத்தில் ஒன்று விட வேண்டும். அப்போதுதான் கல வளர்ப்புத் தட்டின் எல்லாக் குழிகளிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவாக இருக்கும். மருந்தில்லாத 0.1 சதவீத டிஎம்எஸ்ஓக் குழி ஒன்று கட்டாயம்.

அளவு விஷயத்திலும் குழப்பம் உண்டு. வெண்குழியங்கள் 1 மைக்குரோமோலருக்குக் கீழேயே பெருக்கத்தை நிறுத்திவிடும். மரபணுத் தெரிவுப் பரிசோதனைகளில் மில்லிலீற்றருக்கு 25 மைக்குரோகிராம், அதாவது 78 மைக்குரோமோலர், பாவிக்கிறார்கள். அங்கே பற்றீரியாவின் ஜிபிரி மரபணுவைப் பெற்ற கலங்கள் சாந்தீனைக் குவனின் பாதைக்கு மாற்றிப் பிழைக்கும், பெறாதவை பிழைக்காது. சாந்தீன் 250, ஹைப்போசாந்தீன் 15 மைக்குரோகிராம் என்ற அளவுகள் அதோடு சேர்ந்தவை. சாந்தீனை மறந்தால் எல்லாக் கலமும் சாகும். சாதாரண சீரம் விட்டால் எதுவும் சாகாமலும் போகலாம், ஏனென்றால் சீரத்திலுள்ள குவனினைப் பொறுக்கிக்கொள்ளும். கூழ்பிரித்த, அதாவது சிறு மூலக்கூறுகளை நீக்கிய, சீரம் கேட்பது அதனால்தான். சீரத்தின் அல்புமினும் இந்த அமிலத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மனித இரத்தத்தில் ஏறக்குறைய 97 சதவீதம் அல்புமினோடு ஒட்டியபடிதான் ஓடுகிறது. சீரத்தின் சதவீதத்தை மாற்றினால் வளைகோடு முழுவதும் நகரும்.

இன்னொரு பொதுவான பிழை, அவசரம். இந்தச் சேர்வை கலத்தைக் குத்திக் கொல்வதில்லை, பட்டினி போடுகிறது. நான்கு மணித்தியாலத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 48, 72 மணித்தியாலத்தில்தான் எண்ணிக்கை பிரியும். உயிருள்ள கலங்களைச் சாயத்தின் நிறமாற்றத்தால் மதிப்பிடும் எம்டிடி சோதனை இங்கே ஏமாற்றும், ஏனென்றால் பெருகாமல் நிற்கிற கலமும் சாயத்தை மாற்றும். கலங்களை எண்ணுவது பாதுகாப்பு. விளைவு உண்மையிலேயே இந்த நொதியத்தால்தானா என்று அறிய ஒரு குழிக்கு 100 மைக்குரோமோலர் குவனோசின் சேருங்கள். கலம் மீண்டால் சரி. மீளாவிட்டால் கரைப்பானோ கலப்படமோ கிருமியோ வேறு வேலை பார்த்திருக்கிறது.

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு, மனிதக் கல வளர்ப்பு வசதி இல்லாமல், இதை வைத்து ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள் முதலில் போவது ஈ. கோலை தட்டில் வட்டத் தாள் வைக்கும் பரிசோதனைக்கு. அங்கே ஒன்றும் நடக்காது. உடனே குப்பி போலி என்று முடிவு கட்டுவார்கள். குப்பியில் பிழையில்லை. ஈ. கோலை போன்ற பற்றீரியாக்களின் ஐஎம்பிடிஎச் அமைப்பில் வேறுபட்டது, இந்த அமிலம் அதில் சரியாக உட்காராது. மதுவம் நல்ல தெரிவு. தொகுப்பூடக ஏகாரை ஆற்றி 50, 55 பாகைக்கு வந்தபின் மில்லிலீற்றருக்கு 20 மைக்குரோகிராம் வரும்படி அமிலத்தைச் சேர்த்து ஊற்றி, மதுவத்தைப் பத்துப் பத்தாக ஐதாக்கி 5 மைக்குரோலீற்றர் பொட்டுகளாக வையுங்கள். குவனின் சேர்த்த தட்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். எல்லா மதுவமும் ஒரேமாதிரிப் பணியாது. தடை வந்தவுடன் எதிர்ப்புத் தரும் ஐஎம்டி2 மரபணுவைத் தட்டியெழுப்பிக்கொள்கிற வகைகள் உண்டு. அந்த வேறுபாட்டையே செயற்றிட்டத்தின் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.

அடையாளம் காண உயர்தர மாணவருக்குத் தெரிந்த இரும்பு(III) குளோரைட்டுச் சோதனை போதுமா? எதனோலில் கரைத்து ஒரு துளி விட்டால் நிறம் வரும். திறந்திருக்கும் ஐதரொட்சிலும் பக்கத்து லக்டோன் ஒட்சிசனும் இரும்பைக் கவ்வும். ஒரு காலத்தில் கெட்ட சோளனைக் கண்டுபிடிக்கவே இந்த நிறத்தைப் பாவித்தார்கள். ஆனால் பழைய அஸ்பிரின் மாத்திரையும் நிறம் தரும். பீனோல் உண்டு என்பதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது. மென்படை நிறப்பகுப்பில் 254 நனோமீற்றர் விளக்கின் கீழ் கரும்பொட்டாகத் தெரியும். பொட்டு வால் பிடித்து இழுபட்டால் அமிலக் கூட்டம் சிலிக்காவோடு மல்லுக்கட்டுகிறது; ஓடும் திரவத்தில் 1 சதவீதம் அசற்றிக் அமிலம் சேர்த்தால் உருண்டு நிற்கும். திணிவு நிறமாலையில் எதிர் அயனாக 319 வர வேண்டும். தொகுதி எண்ணோடு வரும் பகுப்புச் சான்றிதழைக் கோப்பில் வைப்பதும் இதே வேலையின் பகுதி. 98 சதவீதம் என்பது எச்பிஎல்சி என்ற திரவ நிறப்பகுப்பில் தெரியும் பொருட்களுக்குள் 98; உறிஞ்சிய தண்ணீர் அந்தக் கணக்கில் வராது.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது கருவைத் தாக்கும். மாத்திரையாக எடுக்கும் பெண்கள் கருத்தரிக்க எண்ணினால் ஆறு கிழமைக்கு முன்பே, மருத்துவரின் மேற்பார்வையில், நிறுத்தும் அளவுக்கு இது தீவிரம். கர்ப்பமாக இருப்பவர், ஆகலாம் என்று நினைப்பவர் தூளை நிறுக்கவோ கரைக்கவோ கூடாது. அந்த வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். டிஎம்எஸ்ஓ தோலினூடாக இழுத்துக்கொண்டு போகும் என்பதால் நைட்ரைல் கையுறை. நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஆராய்ச்சிக் குப்பியின் தூள் எவ்வளவு தூய்மையானாலும் மருந்தல்ல; அதன் கிருமித் தூய்மைக்கும் அளவுக்கும் யாரும் பொறுப்பெடுத்திருக்கவில்லை.

மிஞ்சிய கரைசலைத் தொட்டியில் ஊற்றுவது வழக்கமாகிவிட்ட இடங்கள் உண்டு. நொதியத்தைப் பூட்டும் பொருளை வாவிப் பக்கம் ஓடும் வடிகாலில் விடுவதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது. பெயர் எழுதிய தனிப் போத்தலில் சேர்த்து, எரியூட்டலுக்குப் போகும் சேதனக் கழிவோடு அனுப்ப வேண்டும். போத்தலில் டிஎம்எஸ்ஓ இருக்கிறது என்பதையும் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அதை அடுத்து தூக்குகிறவர் கையுறை போடாமல் தூக்கக்கூடும்.